எம்.எஸ். நோய்: அமைதியான நாட்களில் நடப்பது என்ன?

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற பெயரை எங்கள் நரம்பியல் பிரிவில் முதன்முறையாகக் கேட்கும் குடும்பத்தினர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளை எழுப்புகின்றனர். "இத்தனை நாளாக இது ஏன் யாருக்கும் தெரியவில்லை?" என்பது ஒன்று. சில மாதங்கள் கழிந்து, நோயாளி எழுந்து நடமாடத் தொடங்கிய பிறகு மற்றது வருகிறது: "இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள், இன்னும் எதற்கு இவ்வளவு விலையுள்ள மருந்து?" இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இந்நோய் வெளியே தெரியும் நாட்கள் சில. தெரியாமல் உள்ளே நடக்கும் நாட்கள் மிகப் பல. அறிகுறியற்ற அந்த நாட்களைப் பற்றிய தெளிவு கிடைத்தால், நாங்கள் ஏன் பழைய கதைகளைத் துருவித் துருவிக் கேட்கிறோம் என்பதும், தேறியவரை ஏன் மருந்தோடு கட்டிவைக்கிறோம் என்பதும் விளங்கும்.

முதலில் பெயர். சுருக்கமாக எம்.எஸ். என்கிறோம். நாளிதழ்களில் 'தண்டுவட மரப்பு நோய்' என்று எழுதுவதைக் காண்கிறோம். அப்பெயர் பாதியைத்தான் சொல்கிறது. மூளையும் பார்வை நரம்பும் தண்டுவடத்தைப் போலவே பாதிக்கப்படுகின்றன. 'ஸ்கிளிரோசிஸ்' என்றால் இறுகிய தழும்பு. 'மல்டிபிள்' என்றால் பல. 1868ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ழான்-மார்ட்டின் சார்கோ, இறந்த நோயாளிகளின் மூளையிலும் தண்டுவடத்திலும் ஆங்காங்கே சிதறிக் கிடந்த தழும்புகளைக் கண்டு, அவற்றை அவர்கள் வாழ்நாளில் பட்ட துன்பங்களோடு பொருத்திக் காட்டினார். அவர் வைத்த பிரெஞ்சுப் பெயரின் பொருளும் ஏறத்தாழ இதுவே. பல தழும்புகள், பல இடங்கள், பல காலங்கள்: இதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

உறை இழந்த நரம்பு

நரம்பிழையைச் சுற்றி மயலின் என்னும் கொழுப்பு உறை உள்ளது. மின்கம்பியின் ரப்பர் உறையோடு இதை ஒப்பிடுவது வழக்கம். நாங்களும் அப்படித்தான் சொல்லித் தொடங்குகிறோம். ஆனால் அந்த உவமை இரண்டு இடங்களில் போதாமல் போகிறது. கம்பியின் உறை கிழிந்தால் தானாக ஒட்டாது. மயலின் ஓரளவு தானே புதுப்பித்துக்கொள்ளும். மேலும், ரப்பர் உறை கம்பிக்கு உணவு ஊட்டுவதில்லை. மயலினை உருவாக்கும் செல்களோ உள்ளிருக்கும் நரம்பிழையைப் பேணவும் உதவுகின்றன. ஆகவே உறை நெடுநாள் இல்லாமற்போனால், இழையே நலிந்து அறுந்துவிடும். உறை போனது ஓரளவு மீளும். இழை அறுந்தது மீளாது. நமது சிகிச்சை முழுவதும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தைப் பயன்படுத்திக்கொள்ளும் முயற்சியே.

உறையை அழிப்பது வெளியிலிருந்து வந்த கிருமியன்று. நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வெள்ளணுக்களே மூளைக்குள் நுழைந்து மயலினைப் பகைப்பொருளாகக் கருதித் தாக்குகின்றன. ஏன் அவ்வாறு தடம் மாறுகின்றன என்பதற்கு ஒரே காரணம் சொல்ல இயலாது. 2022ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு ஒரு கோடிக்கும் அதிகமான படைவீரர்களின் பதிவுகளைப் பரிசீலித்து, எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றிய பின் எம்.எஸ். வரும் அபாயம் 32 மடங்கு உயர்வதைக் காட்டியது. இதைப் படித்துவிட்டு அஞ்ச வேண்டியதில்லை. உலகின் பெரியவர்களில் மிகப் பெரும்பாலோர் அந்த வைரஸைச் சுமந்துகொண்டே நலமாக வாழ்கின்றனர். மரபணுக்களின் சாய்வு, வைட்டமின் டி குறைவு, புகைபிடித்தல் ஆகியவையும் சேரும்போதுதான் சிலருக்கு நோய் உண்டாகிறது. இது ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது. பெண் குழந்தையைச் சரியாக வளர்க்கவில்லை என்றோ, கர்ப்ப காலத்தில் தவறாக ஏதோ உண்டோம் என்றோ தன்னையே நொந்துகொள்ளும் தாய்மார்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறோம்: இது உங்களால் வந்ததன்று.

உலகில் 28 லட்சத்துக்கும் அதிகமானோர் எம்.எஸ்.ஸுடன் வாழ்கின்றனர். ஐரோப்பாவையும் வட அமெரிக்காவையும்விட நம் நாட்டில் இது குறைவே. குறைவு என்பதாலேயே முதற்பார்வையில் நினைவுக்கு வராமலும் போகிறது. பெரும்பாலோருக்கு 20 முதல் 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம் வருகிறது. படிப்பு, வேலை, திருமணம், குழந்தைப்பேறு என்று எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும் வயது அது.

நோயறிதல்: ஒரு பழைய நினைவின் மதிப்பு

எங்கள் புறநோயாளிப் பிரிவில் திரும்பத் திரும்பக் கேட்கும் வரலாறுகளைச் சேர்த்து ஒரு பெண்ணை எண்ணிக்கொள்வோம். வயது 27. ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுபவர். திருமணமாகி ஓராண்டு. பத்து நாட்களாகப் பாதத்தில் தொடங்கிய மரமரப்பு இடுப்பு வரை ஏறிவிட்டது. மார்பைச் சுற்றிக் கயிற்றால் இறுக்கிக் கட்டியது போன்ற உணர்வு. சிறுநீர் வந்தால் அடக்க முடியவில்லை. தலையைக் குனிந்தால் முதுகுத்தண்டு வழியே மின்சாரம் பாய்வது போல் ஓர் அதிர்ச்சி. கழுத்தெலும்புத் தேய்மானம் என்று ஓரிடத்தில் பட்டை மாட்டிவிட்டார்கள். சத்துக் குறைவு என்று இன்னோரிடத்தில் ஊசி போட்டார்கள். உடன் கணவரும் மாமியாரும் வந்திருக்கின்றனர்.

"இதற்கு முன் கண் பார்வையில், நடையில், பேச்சில் ஏதேனும் கோளாறு வந்து தானே சரியாயிற்றா?" என்று கேட்கிறோம். கணவருக்குத் தெரியாது. பெண் தலை கவிழ்ந்து "இல்லை" என்கிறார். மறுநாள் அவருடைய தாய் வருகிறார். மகளுடன் தனியே இருக்கும்போது அவர் சொல்கிறார்: "காலேஜ் கடைசி வருஷம், வலது கண்ணு ஒரு மாசம் மங்கலா இருந்துச்சு சார். கண்ணை அசைச்சா வலிக்குதுன்னா. குங்குமத்தைக் காட்டினா செங்கல் நிறமா தெரியுதுன்னு சொன்னா. கண்ணாடி போட்டோம், சரியாப் போச்சு. அதுக்கப்புறம் யாருகிட்டயும் சொல்லல."

அந்த மங்கலைச் சரிசெய்தது கண்ணாடியன்று. அது பார்வை நரம்பில் ஏற்பட்ட அழற்சி. பல வாரங்களில் அது பெருமளவு தானே தணிவதுண்டு. நிறங்களில் சிவப்பு முதலில் வெளிறுவது அதன் அடையாளங்களுள் ஒன்று. ஐந்தாண்டுகளுக்கு முன் கண்ணில் ஒரு தாக்குதல். இன்று தண்டுவடத்தில் ஒன்று. இடம் வேறு, காலம் வேறு. எம்.எஸ். நோயறிதலின் அடிப்படை விதி இதுவே: மைய நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில், ஒன்றுக்கு மேற்பட்ட காலங்களில் சேதம் நேர்ந்திருப்பதை நிறுவ வேண்டும், அதற்கு வேறு எந்த நோயும் பொருத்தமான காரணமாக இருக்கக் கூடாது. நியூசிலாந்தில் பிறந்து லண்டனில் பணியாற்றிய நரம்பியலாளர் இயன் மெக்டொனால்டின் பெயரால் 2001இல் வகுக்கப்பட்ட வரையறைகள் இதையே முறைப்படுத்தின. பின்னர் அவை பலமுறை திருத்தப்பட்டுள்ளன.

திருமணத்துக்கு முன் வந்த நோயை மறைப்பது நம் குடும்பங்களில் ஏன் நிகழ்கிறது என்பதை நாங்கள் அறிவோம். அதற்காக எவரையும் கடிந்துகொள்வதில்லை. ஆனால் மறைக்கப்பட்ட அந்த ஒரு மாதம், நோயறிதலை மாதக்கணக்கில் தள்ளிப்போடக்கூடும். புகுந்த வீட்டார் முன்னிலையில் சொல்லத் தயக்கம் இருந்தால், நோயாளியைத் தனியே சந்திக்க வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். பல சமயங்களில் நாங்களாகவே மற்றவர்களை வெளியே அமரச் சொல்கிறோம். அதைத் தவறாக எண்ண வேண்டாம். அங்கே சொல்லப்படுவது நோயாளியின் அனுமதியின்றி வெளியே போகாது.

நினைவில் எந்தத் தாக்குதலும் இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. படம் பேசும். மூளையின் நீரறைகளை ஒட்டிய பகுதி, மூளைப் புறணியை ஒட்டிய பகுதி, மூளைத்தண்டும் சிறுமூளையும், தண்டுவடம் என்று எம்.எஸ். விரும்பித் தங்கும் இடங்கள் உண்டு. இவற்றில் தழும்புகள் எங்கெங்கே உள்ளன என்பதைப் பார்க்கிறோம். காடோலினியம் என்னும் மருந்தை நரம்பில் செலுத்திப் படம் எடுத்தால், அண்மைய வாரங்களில் தோன்றிய புதிய அழற்சி பளிச்செனத் தெரியும். பழைய தழும்பு அப்படித் தெரியாது. ஆகவே ஒரே படத்தில் பழையதும் புதியதும் சேர்ந்து காணப்பட்டால், காலம் இரண்டு என்பதற்கு அதுவே சான்றாகிறது. எம்.ஆர்.ஐ. ஆய்வுகள் மருத்துவர்களுக்கே வியப்பளித்த உண்மை ஒன்றைக் காட்டின. நோயாளி உணரும் ஒவ்வொரு தாக்குதலுக்கும் ஐந்து முதல் பத்துப் புதிய தழும்புகள், அவர் எதையும் உணராமலே தோன்றுகின்றன. எல்லாத் தழும்பும் கையையோ காலையோ இயக்கும் வழியில் விழுவதில்லை. மூளையும் மாற்றுவழிகளைக் கொண்டு சமாளித்துவிடுகிறது. நலமாக இருப்பதாக உணரும் நாட்களின் உள்நிலவரம் இதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கை. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'வெள்ளைப் புள்ளிகள்' என்று கண்டதும் இணையத்தில் தேடி எம்.எஸ். என்று முடிவுகட்டிக்கொண்டு வருவோர் உண்டு. ஒற்றைத் தலைவலி, இரத்த அழுத்தம், வெறும் வயது ஆகியவையும் அத்தகைய புள்ளிகளை உண்டாக்கும். புள்ளியின் வடிவும் இடமும் நோயாளியின் வரலாற்றோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அவசரப்பட மாட்டோம். காத்திருந்து மீண்டும் படம் எடுப்போம்.

முதுகில் ஊசியிட்டுத் தண்டுநீர் எடுக்கும் சோதனைக்குத்தான் எதிர்ப்பு அதிகம். "கால் விளங்காமல் போய்விடும்" என்ற அச்சம் ஊர்தோறும் உள்ளது. ஊசி செலுத்தப்படும் இடம் தண்டுவடம் முடிந்து அதற்குக் கீழே உள்ள பகுதி. அங்கே ஊசிமுனையில் படுவதற்குத் தண்டுவடம் இல்லை. சிலருக்குச் சில நாட்கள் தலைவலி வரலாம். படுத்தால் குறையும், நீரும் மாத்திரையும் உதவும். அந்நீரில் 'ஆலிகோகுளோனல் பட்டைகள்' என்னும் எதிர்ப்புப் புரதங்களைத் தேடுகிறோம். அவை இரத்தத்தில் இல்லாமல் தண்டுநீரில் மட்டும் இருந்தால், அழற்சி மூளைக்குள்ளேயே நெடுங்காலமாகக் குடிகொண்டிருக்கிறது என்று பொருள். 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பொருத்தமான நோயாளியிடம் இப்பட்டைகள் 'இரண்டாவது கால'த்துக்கான சான்றுக்கு ஈடாக ஏற்கப்படுகின்றன. அதாவது, அடுத்த தாக்குதல் வரும்வரை காத்திராமல் இப்போதே சிகிச்சையைத் தொடங்கலாம். ஒரு சிறிய ஊசிக்கு இது பெரிய பயன் என்பது எங்கள் கருத்து.

ஒத்த முகமுடைய வேறு நோய்கள்

இரத்தம் இத்தனை குழாய்களில் ஏன் எடுக்கிறார்கள் என்று கேட்காத குடும்பம் இல்லை. வைட்டமின் பி12 குறைவு, காசநோய், எச்.ஐ.வி., சிஃபிலிஸ், லூபஸ் போன்ற வேறு எதிர்ப்பு மண்டல நோய்கள் எனப் பலவும் எம்.எஸ். போல வேடம் இடும். அவற்றுள் சிலவற்றை முற்றிலும் குணப்படுத்த முடியும் என்பதால் தவறவிடக் கூடாது.

மிகவும் கவனிக்க வேண்டியது நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா என்னும் நோய். இதுவும் கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும், ஒருகாலத்தில் எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்றே இதைக் கருதினர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் இந்நோயாளிகளின் இரத்தத்தில் தனித்த எதிர்ப்புப் புரதம் ஒன்றைக் கண்டறிந்தனர். அது அக்வாபோரின்-4 என்னும் நீர்வாயிலைத் தாக்குகிறது என்பது அடுத்த ஆண்டு தெரிய வந்தது. இரண்டும் வேறு நோய்கள் என்பது அத்துடன் உறுதியாயிற்று. இது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நாட்டலிசுமாப் ஆகிய எம்.எஸ். மருந்துகள் நியூரோமைலிட்டிஸ் ஆப்டிகா உள்ளவருக்கு நோயைத் தணிக்காமல் மேலும் மோசமாக்கக்கூடும். எம்.ஓ.ஜி. எதிர்ப்புப் புரதத்தால் வரும் மூன்றாவது நோய் ஒன்றும் உண்டு. கண் நரம்பு கடுமையாகவோ இரு பக்கமுமோ பாதிக்கப்பட்டால், அல்லது தண்டுவடத்தில் நீண்ட பகுதி வீங்கியிருந்தால், இவ்விரு இரத்தப் பரிசோதனைகளின் முடிவு வரும்வரை நீண்டகால மருந்தை முடிவுசெய்வதில்லை. முடிவு வரச் சில நாட்கள் ஆகும். அந்தத் தாமதத்தை அலட்சியம் என்று எண்ணாதீர்கள். அவசரச் சிகிச்சை அதற்காக நிற்பதில்லை.

தாக்குதல் வரும்போது

புதிய அறிகுறி, அல்லது மறைந்திருந்த பழைய அறிகுறி, காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அதைத் தாக்குதல் என்கிறோம். 'காய்ச்சலோ தொற்றோ இல்லாமல்' என்ற நிபந்தனையை வீட்டில் உள்ள அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உறை மெலிந்த நரம்பு வெப்பத்தைத் தாங்காது. உடல் வெப்பம் சிறிது ஏறினாலே செய்தி கடத்துவதில் தடுமாறும். 1890இலேயே ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் இதைக் கவனித்து எழுதினார். சித்திரை வெயிலில் பேருந்துக்கு நின்றபோது, வெந்நீரில் குளித்தபோது, அடுப்படியில் நெடுநேரம் நின்றபோது பார்வை மங்குவதும் கால் தளர்வதும் புதிய தாக்குதலாக இருக்க வேண்டியதில்லை. நிழலில் அமர்ந்து, ஈரத்துணி போர்த்தி, குளிர்ந்த நீர் அருந்தினால் அரைமணி முதல் ஒரு மணி நேரத்தில் தெளியும். அறிகுறி தெரியாத சிறுநீர்த் தொற்றும் இதையே செய்யும். கால் தளர்ந்து வருபவருக்கு நாங்கள் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை எழுதுவது இதனால்தான்.

உண்மையான தாக்குதல் நடையையோ பார்வையையோ பாதித்தால், மெத்தில்பிரட்னிசோலோன் என்னும் ஸ்டீராய்டை நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் 3 முதல் 5 நாட்கள் சிரை வழியே செலுத்துகிறோம். இது தேறுதலை விரைவாக்குகிறது. எவ்வளவு தேறுவார் என்பதையோ, அடுத்த தாக்குதல் எப்போது என்பதையோ இது மாற்றுவதில்லை. ஸ்டீராய்டு குறித்து இரு திசைகளில் தவறு நடக்கிறது. பெயரைக் கேட்டதும் மறுப்பது ஒன்று. சில நாட்களுக்கு உறக்கக்குறைவு, சர்க்கரை ஏற்றம், வயிற்றெரிச்சல் ஆகியவை வரலாம், அவற்றைக் கண்காணிக்கவே மருத்துவமனையில் வைக்கிறோம். பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் ஸ்டீராய்டு மாத்திரை வாங்கி, கண் மங்கும்போதெல்லாம் தாமே விழுங்குவது மற்றொன்று. 1992இல் வெளியான அமெரிக்கப் பார்வை நரம்பழற்சி ஆய்வில், குறைந்த அளவு பிரட்னிசோன் மாத்திரை மட்டும் உட்கொண்டவர்களுக்குக் கண் நரம்பழற்சி மீண்டும் வருவது அதிகமாயிருந்தது. எங்களைக் கேளாமல் அதை எடுக்க வேண்டாம். ஸ்டீராய்டுக்கு இணங்காத கடும் தாக்குதலில் இரத்தத்தின் பிளாஸ்மாவை மாற்றும் சிகிச்சை கைகொடுக்கிறது.

அமைதியான நாட்களுக்கான மருந்து

இனி இரண்டாவது கேள்வி. ஸ்டீராய்டு நெருப்பை அணைக்கும் நீர் என்றால், நோயின் போக்கை மாற்றும் மருந்துகள் மீண்டும் தீப்பிடிக்காமல் காக்கும் ஏற்பாடு. 1993ஆம் ஆண்டு வரை அத்தகைய மருந்து ஒன்றுகூட இல்லை. அவ்வாண்டில் இன்டர்ஃபெரான் பீட்டா அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தொடர்ந்து கிளாட்டிரமர் வந்தது. இவை ஊசிகள், தாக்குதல்களை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைப்பவை, நெடுங்காலப் பாதுகாப்பு அனுபவம் உடையவை. 2010இல் முதல் மாத்திரையாக ஃபிங்கோலிமாட் வந்தது. பின்னர் டெரிஃபுளூனமைட், டைமெத்தில் ஃபியூமரேட், கிளாட்ரிபின். சிரை வழியே செலுத்தும் நாட்டலிசுமாப், ஒக்ரிலிசுமாப் போன்றவை இன்னும் வலிமை மிக்கவை. ஒக்ரிலிசுமாப் மருந்தை இன்டர்ஃபெரானோடு நேருக்குநேர் ஒப்பிட்ட ஆய்வுகளில், தாக்குதல்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. தொடக்கத்திலிருந்தே தாக்குதல்கள் இன்றி மெல்ல மெல்ல வளரும் வகைக்கு 2017 வரை மருந்தே இல்லை. அவ்வாண்டில் முதன்முதலாக அனுமதி பெற்றதும் இதுவே.

இவற்றில் எது என்பதை நோயின் வேகம், தழும்புகளின் எண்ணிக்கையும் இடமும், குழந்தைப்பேறு பற்றிய எண்ணம், பிற நோய்கள், செலவு ஆகியவை சேர்ந்து முடிவுசெய்கின்றன. முன்பெல்லாம் மென்மையான மருந்தில் தொடங்கி, தாக்குதல் வந்தால் மேலே ஏறுவது வழக்கம். இன்று, தண்டுவடத் தழும்புகளோ அடுத்தடுத்த தாக்குதல்களோ உள்ள இளம் நோயாளிக்குத் தொடக்கத்திலேயே வலிமை மிக்க மருந்தைத் தருவதையே நாங்கள் விரும்புகிறோம். இழந்த நரம்பிழைகளைப் பின்னர் எந்த மருந்தாலும் திருப்பித் தர இயலாது என்பதே காரணம்.

செலவைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். ஒக்ரிலிசுமாப் பல குடும்பங்களுக்கு எட்டாத விலை. அதே வகையில் செயல்படும் ரிட்டுக்சிமாப், இந்தியாவிலேயே தயாராவதால் விலை குறைந்தது. எம்.எஸ்.ஸுக்கென்று அதற்கு முறையான அனுமதி இல்லாவிட்டாலும், உலகின் பல நாடுகளில் இந்நோய்க்கு அது பரவலாகப் பயன்படுகிறது. 2023இல் உலக சுகாதார நிறுவனம் தன் இன்றியமையாத மருந்துகள் பட்டியலில் எம்.எஸ்.ஸுக்காக மூன்று மருந்துகளை முதன்முறையாகச் சேர்த்தது: கிளாட்ரிபின், கிளாட்டிரமர், ரிட்டுக்சிமாப். விலை தாங்க முடியாது என்று தெரிந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஓராண்டு விலையுயர்ந்த மருந்து வாங்கி, இரண்டாம் ஆண்டு சொல்லாமல் நிறுத்துவதைவிட, தொடர்ந்து வாங்கக்கூடிய ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

சொல்லாமல் நிறுத்துவதுதான் நாங்கள் மிகவும் அஞ்சுவது. இம்மருந்து உட்கொள்பவர் அதனால் 'நன்றாக' உணர்வதில்லை. காய்ச்சல் மாத்திரை போல உடனே ஒரு பயன் தெரியாது. ஓராண்டு எதுவும் நடக்காமல் போவதே அதன் பயன். நடக்காத ஒன்றைக் கண்ணால் காண இயலாதல்லவா? ஆகவே ஆறு மாதம் நலமாக இருந்ததும், "முழுமையாகக் குணமாக்குகிறோம்" என்று யாரோ தந்த சூரணத்துக்கு மாறுகின்றனர். நாட்டலிசுமாப், ஃபிங்கோலிமாட் ஆகிய இரண்டையும் திடீரென நிறுத்தினால், அடக்கி வைக்கப்பட்ட நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பக்கூடும். எந்தக் காரணத்துக்காகவேனும் நிறுத்த விரும்பினால், நிறுத்துவதற்கு முன் வாருங்கள். மாற்று மருந்துக்கு எப்படிப் பாலம் அமைப்பது என்று திட்டமிட முடியும்.

இம்மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைத் தணிப்பவை. எனவே விலை ஒன்று உண்டு. தொடங்கும் முன் காசநோய், ஹெப்படைட்டிஸ் பி, அம்மைக்கான எதிர்ப்பு ஆகியவற்றைச் சோதிக்கிறோம்; தேவையான தடுப்பூசிகளை முன்னதாகவே போட்டுவிடுகிறோம், ஏனெனில் உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் பின்னர் போட முடியாது. ஃபிங்கோலிமாட்டின் முதல் மாத்திரை அன்று இதயத் துடிப்பு குறையலாம் என்பதால் ஆறு மணி நேரம் எங்கள் பார்வையில் இருக்கச் சொல்கிறோம். நாட்டலிசுமாப் எடுப்போருக்கு, ஜே.சி. வைரஸால் அரிதாக மூளைத் தொற்று வரக்கூடும் என்பதால் அதற்கான இரத்தப் பரிசோதனை தொடர்ந்து தேவை. மருந்து தொடங்கி 3 முதல் 6 மாதங்களில் ஓர் எம்.ஆர்.ஐ., பின்னர் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒன்று. நலமாக இருப்பவருக்கு எதற்குப் படம் என்றால், நலமாக இருப்பவரின் மூளையில் புதிய தழும்பு விழுகிறதா என்று அறிய வேறு வழி இல்லை.

குழந்தை பெறலாமா என்று தயங்கிக் கேட்கும் பெண்களுக்கு: பெறலாம். ஆனால் திட்டமிட்டு. டெரிஃபுளூனமைட், ஃபிங்கோலிமாட், கிளாட்ரிபின் போன்றவை கருவுக்குத் தீங்கு விளைவிக்கக்கூடியவை. கருத்தரிக்கும் முன்பே மருந்தை மாற்ற வேண்டும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் தாக்குதல்கள் குறைவதும், குழந்தை பிறந்த முதல் மூன்று மாதங்களில் கூடுவதும் 1998இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் தெளிவாயிற்று. பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருந்தால் குழந்தைக்கு வரும் வாய்ப்பு, மேலைநாட்டுக் கணக்குகளின்படி, நூற்றுக்கு 2 அல்லது 3 அளவே.

வீட்டில் இருப்போருக்கு

எம்.எஸ். நோயாளியின் சோர்வு சாதாரண அலுப்பன்று. காலையில் எழுந்ததுமே பகலெல்லாம் உழைத்தவர் போலக் களைத்திருப்பார். வெளியே பார்த்தால் குறை எதுவும் தெரியாது. 'சோம்பல்' என்று வீட்டில் ஒருவர் சொல்லும் சொல், நோயைவிட அதிகம் வருத்துவதாக நோயாளிகள் எங்களிடம் கூறியிருக்கின்றனர். கடினமான வேலைகளைக் காலையின் குளிர்ந்த நேரத்துக்கு மாற்றுங்கள். நடுப்பகலில் ஓய்வு கொடுங்கள். அதே வேளையில் முற்றிலும் படுக்கவைப்பதும் தவறு. உடற்பயிற்சி நோயைக் கூட்டும் என்பது பழைய எண்ணம், ஆய்வுகள் அதற்கு மாறாகவே உள்ளன. மனச்சோர்வும் இந்நோயில் அதிகம். அதற்குச் சிகிச்சை உண்டு. சிறுநீர்க் கட்டுப்பாடு, தசை இறுக்கம், தாம்பத்தியச் சிக்கல் ஆகியவற்றைக் கேட்காமல் யாரும் சொல்வதில்லை. சொன்னால் ஒவ்வொன்றுக்கும் வழி உண்டு. புகைபிடிப்பவர் இன்றே நிறுத்த வேண்டும். அது நோயை விரைவுபடுத்துகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸைப் பெயர் குறிப்பிட்டே தன் பட்டியலில் சேர்த்துள்ளது. பாதிப்பின் அளவைப் பொறுத்துச் சான்றிதழ் பெறலாம். அதற்கான மருத்துவக் குறிப்புகளை எங்கள் பிரிவில் கேட்டுப் பெறுங்கள். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்தின் கிளை சென்னையில் உள்ளது. இதே நோயோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர்களிடம் பேசுவது, நாங்கள் தரும் எந்த விளக்கத்தைக் காட்டிலும் சிலருக்கு உதவியிருக்கிறது.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். எந்த நாளில் என்ன அறிகுறி தொடங்கிற்று, எத்தனை நாள் இருந்தது, அப்போது காய்ச்சல் இருந்ததா, என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்று நான்கு வரி போதும். ஒவ்வொரு வருகைக்கும் அதைக் கொண்டுவாருங்கள். பழைய எம்.ஆர்.ஐ. படங்களையும் குறுந்தகடுகளையும் அறிக்கை கையில் இருக்கிறதே என்று பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள். புதிய தழும்பு எது, பழையது எது என்பதை அறிக்கையின் சொற்களைக் கொண்டு சொல்ல முடியாது. இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.